பேருந்துக் கேமராவுக்கு ரவுட்டரும் விபிஎன்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பேருந்துகளுக்கும் ஆம்னி பேருந்துகளுக்கும் கேமரா பொருத்தித் தருவது என் தொழில். கரூரில் பாடி கட்டும் பட்டறையில் வயர் இழுத்துக்கொண்டிருக்கும்போதும் சரி, இரவு பத்து மணிக்கு ஒரு போக்குவரத்து மேலாளர் தொலைபேசியில் அழைக்கும்போதும் சரி, என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவைதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கேமரா பெட்டியிலேயே சிம் போடுற இடம் இருக்கே சார், தனியா ரவுட்டர் எதுக்கு?

பல வண்டிகளுக்குத் தேவையே இல்லை. எம்டிவிஆர் எனப்படும் பதிவுப் பெட்டி ஒன்றும் நான்கு கேமராக்களும் மட்டுமே இருந்து, அந்தப் பெட்டியின் நிறுவனம் தரும் செயலியில் பார்ப்பதே போதுமென்றால், ரவுட்டர் வீண்செலவு என்று நானே சொல்லிவிடுவேன்.

வண்டிக்குள் இணையம் வேண்டிய பொருள்கள் இரண்டு மூன்றாகப் பெருகும்போதுதான் ரவுட்டருக்கு வேலை வருகிறது: பதிவுப் பெட்டி, ஜிபிஎஸ் கருவி, டிக்கெட் இயந்திரம், பயணிகளுக்கான வைஃபை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிம் போட்டு ஒவ்வொன்றுக்கும் ரீசார்ஜ் தேதியை நினைவில் வைத்திருப்பது பெரும்பாடு. இரண்டு நிறுவனங்களின் சிம்மைப் போட்டு ஒன்று போனால் மற்றொன்றுக்கு மாறுவது, அலுவலகத்திலிருந்தே பெட்டியின் அமைப்புகளைத் திருத்துவது, படங்கள் வெளியார் சர்வர் வழியாகப் போகாமல் நம் கட்டுப்பாட்டிலேயே இருப்பது ஆகியவை வேண்டுமென்றாலும் ரவுட்டர் தேவை.

விபிஎன்னா தடை பண்ணின வெப்சைட்டைப் பார்க்கிறதுதானே? அது பஸ்ஸுக்கு எதுக்கு?

அது விபிஎன்னின் ஒரு பயன் மட்டுமே. நமக்கு அது, பேருந்துக்குள் இருக்கும் சிறிய வலையமைப்பையும் அலுவலக வலையமைப்பையும் பூட்டிய குழாய் ஒன்றால் இணைப்பதற்கு. இணைந்த பிறகு, வண்டி எங்கே ஓடினாலும் அதன் பதிவுப் பெட்டி பக்கத்து மேசையில் இருப்பதுபோல அதே முகவரியில் திறக்கும். இந்தக் குழாயைத் தொழிலில் டனல் என்கிறோம்.

இது ஏன் தேவை என்றால், மொபைல் நிறுவனங்கள் சிம்முக்கு, வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய பொது ஐபி முகவரி தருவதில்லை. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, உள்ளே தனி முகவரிகளைக் கொடுக்கின்றன. உங்கள் ரவுட்டரின் மொபைல் பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் இதுதான் நடக்கிறது. விடுதியில் படிக்கும் பிள்ளைக்கு வெளியிலிருந்து நேராகத் தொலைபேச முடியாது, பிள்ளைதான் வீட்டுக்கு அழைக்க வேண்டும் என்பதைப் போன்றது இது. ஆகவே எப்போதும் பேருந்துதான் அலுவலக சர்வரை அழைத்து டனலைத் தொடங்க வேண்டும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

வீட்டு கேமராவுக்குப் பண்ற மாதிரி போர்ட் ஃபார்வர்டிங் பண்ணிட்டா போதாதா?

போர்ட் ஃபார்வர்டிங் என்பது, வெளியிலிருந்து வருபவரை ரவுட்டர் நேராகப் பதிவுப் பெட்டிக்கு அனுப்பும்படி ஒரு கதவைத் திறந்து வைப்பது. மேலே சொன்ன காரணத்தால் சாதாரண மொபைல் சிம்மில் அது வேலையே செய்யாது. கூடுதல் பணம் கட்டி நிலையான பொது முகவரி வாங்கினால் வேலை செய்யும். ஆனால் செய்யக் கூடாது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய இணையத் தளங்களை முடக்கியது. விபிஎன் இருந்தால் பதிவுப் பெட்டியின் எந்தக் கதவும் வெளியே தெரியாது. அப்போதும் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும்.

விபிஎன் வெச்சிருந்தா போலீஸ் கேஸ் ஆகும்னு ஒருத்தர் சொன்னாரே?

ஆகாது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, விபிஎன் சேவை வழங்குவோர் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. அந்தச் செய்திதான் இப்படித் திரிந்து பரவியிருக்கிறது. பொதுமக்களுக்குச் சேவை விற்பவர்களுக்கே அது பொருந்தும், நிறுவனங்கள் தம் சொந்தப் பயனுக்கு வைத்திருக்கும் விபிஎன்னுக்குப் பொருந்தாது என்று அந்த அமைப்பே பின்னர் விளக்கமும் அளித்துவிட்டது.

எந்த சிம் வாங்கறது? சும்மா போன் சிம் போட்டா ஓடாதா?

ஓடும். இரண்டு மூன்று வண்டிகள் வைத்திருப்பவர்கள் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் இயந்திரங்களுக்கென்று எம்2எம் சிம் தனியாக உண்டு. அதன் எண் 10 இலக்கம் அல்ல, 13 இலக்கம். நாற்பது வண்டிக்கு நாற்பது ரீசார்ஜ் செய்யாமல் ஒரே பில்லாக வருவதே அதன் பெரிய வசதி.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, எம்2எம் சிம்மிலிருந்து முன்கூட்டியே பதிவு செய்த முகவரிகளுக்கு மட்டுமே தரவு போகும். பேச்சும் குறுஞ்செய்தியும்கூடக் குறித்த எண்களோடு மட்டும்தான். எனவே உங்கள் விபிஎன் சர்வரின் ஐபி முகவரியை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சிக்னல் முழுதாக இருக்கும், முகவரி கிடைக்கும், டனல் மட்டும் எழும்பாது. ரவுட்டரை மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் சிம்மின் மேல் சந்தேகம் வரும். நேரத்தைச் சரிசெய்யும் சர்வரின் முகவரியையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அதற்கான காரணம் கடிகாரத்தைப் பற்றிய கேள்வியில் வரும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா போகும்?

விநாடிக்கு 1 மெகாபிட் அளவில் ஓடும் ஒரு கேமரா ஒரு மணி நேரத்தில் 450 எம்பி தின்னும். நான்கு கேமராவுக்கு மணிக்கு 1.8 ஜிபி. இரவு முழுக்க 12 மணி நேரம் ஓடும் ஆம்னி பேருந்தில் இதை விடாமல் அனுப்பினால் ஒரே இரவில் 21 ஜிபியைத் தாண்டிவிடும். எந்தத் திட்டத்திலும் இது கட்டுப்படியாகாது.

ஆகையால் முழுத் தரப் படம் வண்டியிலுள்ள வட்டிலேயே பதிவாக வேண்டும். அலுவலகத்தில் யாராவது திறந்து பார்க்கும்போது மட்டும், சப் ஸ்ட்ரீம் எனப்படும் குறைந்த தரப் படம் போக வேண்டும். விநாடிக்கு 256 கிலோபிட் என்று வைத்தால் கேமரா ஒன்றுக்கு மணிக்கு சுமார் 115 எம்பிதான் ஆகும். ஏதேனும் சம்பவம் நடந்தால் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் முழுத் தரத்தில் இறக்கிக்கொள்ளலாம். டனலுக்கென்று கூடுதலாகப் போவது சுமார் 4 சதவீதம். அதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

ரவுட்டருக்கு கரண்ட் எங்கேயிருந்து எடுக்கணும்? சாவி லைன்ல கொடுத்துட்டா ஆச்சா?

நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன; விபிஎன் மேல் வீணாகப் பழி விழுகிறது. நேரடி பேட்டரி லைன், சாவி லைன், எர்த் என்று மூன்று வயர் கொடுக்க வேண்டும். மின்சாரம் பேட்டரி லைனிலிருந்து வரும். சாவி லைன் ‘வண்டி ஓடுகிறது’ என்ற தகவலை மட்டும் சொல்லும். சாவி லைனிலேயே மின்சாரம் எடுத்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் எல்லாம் பொசுக்கென்று அணையும், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாழாகும்.

செல்ஃப் எடுக்கும் கணத்தில் 12 வோல்ட் வேனின் மின்னழுத்தம் 7 வோல்ட் வரைகூட இறங்கலாம். 9 வோல்ட்டுக்குக் கீழே ஓடாத ரவுட்டர் அங்கே அணைந்து மறுபடி எழும். அதனால்தான் ‘வண்டி எடுத்த முதல் இரண்டு நிமிடம் படம் வருவதில்லை’ என்கிறார்கள். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் கழன்றால், 24 வோல்ட் வண்டியில் ஒரு கணம் 100 வோல்ட்டையும் தாண்டி அடிக்கும். வீட்டு ரவுட்டரை வாங்கி மலிவான ஒரு கன்வெர்ட்டர் போட்டு ஓட்டுபவர்கள் அந்த ஒரு கணத்தில் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். வாகனத்துக்கென்றே செய்யப்பட்ட, அகன்ற மின்னழுத்த வரம்புள்ள கருவியையே வாங்குங்கள்.

24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் வழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. ஒரு பேட்டரி மட்டும் தொடர்ந்து இறங்கி, மற்றொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஏறி, ஆறு மாதத்தில் இரண்டும் கெடும். ஃப்யூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே போடுங்கள். எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, பெட்டிக்கும் கேமராவுக்கும் ஒரே இடத்தில் கொடுங்கள். வெவ்வேறு இடத்தில் கொடுத்தால் அனலாக் கேமராப் படத்தில் கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்போ ராத்திரி முழுக்க ஆன்ல இருந்து பேட்டரி இறங்கிடாதா?

இறங்கும், அளவைப் பொறுத்து. ரவுட்டரும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து 25 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 24 வோல்ட் பேருந்தில் அது சுமார் 1 ஆம்பியர், 12 வோல்ட் வேனில் சுமார் 2 ஆம்பியர். ஓர் இரவுக்குப் பேருந்து தாங்கும். தீபாவளி விடுமுறைக்கு நான்கு நாள் நிறுத்திய வேனில் 190 ஆம்பியர்-மணிக்கு மேல் போய், திங்கட்கிழமை காலையில் தள்ளு வண்டியாகத்தான் நிற்கும்.

சாவியை எடுத்த பிறகு 30 நிமிடம் மட்டும் ஓடி, பிறகு தானாக அணையும்படி இரண்டு கருவிகளிலும் நேரம் வையுங்கள். ஷெட்டில் வைஃபை இருந்தால் அன்றைய முக்கியப் பதிவுகளை மொபைல் தரவு செலவழியாமல் இறக்கிக்கொள்ள அந்த நேரமே போதும். ஓட்டுநர் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை உடனே அணைக்காமல் இருக்க வேண்டும் என்பதை அவரிடமே சொல்லிவிடுங்கள். மேலாளரிடம் மட்டும் சொன்னால் அது ஓட்டுநருக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஆன்டெனாவை டேஷ்போர்டுக்குள்ளயே ஒட்டிடலாமா?

தகரக் கூரை கொண்ட வண்டியில் கூரை மேல் வைப்பதே சரி. 4ஜிக்கு இரண்டு ஆன்டெனா உண்டு, இரண்டையும் மாட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு ‘ஸ்பீடு வரலை’ என்று அழைப்பவர்கள் ஏராளம். கூரை ஃபைபராக இருந்தால், அடியில் உலோகத் தளம் வேண்டாத வகை ஆன்டெனாவைக் கேட்டு வாங்குங்கள். கேபிளை நீளமாகச் சுருட்டி வைக்காமல் அளவாக வெட்டுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், சிக்னல் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் மைனஸ் 90ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 110க்குக் கீழே போனால் நேரலையை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு ரவுட்டரை செட் பண்ணி, பேக்கப் எடுத்து, மத்த வண்டியில எல்லாம் ஏத்திடலாமா?

ஏற்றலாம், ஆனால் ஏற்றியதும் இரண்டை மாற்ற வேண்டும்: வண்டியின் உள் முகவரி, விபிஎன் திறவுகோல் (வண்டியைச் சர்வருக்கு அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு). நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பள்ளியின் இரண்டு பேருந்துகளில் ஒரே பேக்கப்பை ஏற்றிவிட்டு மாற்ற மறந்துவிட்டேன். சர்வருக்கு இரண்டும் ஒரே வண்டி. கடைசியாக எது பேசியதோ அதற்கே பதில் போகும். நான்காம் எண் பேருந்தைத் திறந்தால் சில நேரம் ஒன்பதாம் எண் பேருந்தின் படம் வந்தது. ஓட்டும்போது கைப்பேசியில் பேசினார் என்று தவறான ஓட்டுநரைக் கூப்பிட்டுத் திட்டியும்விட்டார்கள். அவரிடம் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

நான் இப்போது பின்பற்றும் முறை இதுதான். ஏழாம் எண் பேருந்தின் உள் வலையமைப்பு 10.20.7.0/24 (அதாவது 10.20.7 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம்), ரவுட்டர் 10.20.7.1, பதிவுப் பெட்டி 10.20.7.10, ஐபி கேமராக்கள் 10.20.7.11 முதல், டனல் முகவரி 10.99.0.7. வண்டி எண் தெரிந்தால் முகவரி தானாகத் தெரியும். 192.168.0, 192.168.1 ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். அலுவலக பிராட்பேண்டும் மேலாளர் வீட்டு பிராட்பேண்டும் பெரும்பாலும் அதே முகவரிகளில்தான் இருக்கும், மோதும். திறவுகோல் வண்டிக்கு ஒன்று, அந்த வண்டியின் ரவுட்டரிலேயே உருவாக்கப்பட்டது. சர்வரில் அதற்குப் பக்கத்தில் பதிவெண்ணை எழுதி வையுங்கள்.

வயர்கார்டு, ஓபன்விபிஎன், ஐபிசெக்: இதுல எது நல்லது?

மூன்றுமே டனல் போடும் முறைகள். ஓடும் வண்டிக்கு வயர்கார்டு என்பதே என் பதில். டவர் மாறினாலும், முதல் சிம்மிலிருந்து இரண்டாம் சிம்முக்குத் தாவினாலும், வெளி முகவரி மாறியதைச் சர்வர் அடுத்து வரும் தரவுப் பொட்டலத்திலேயே புரிந்துகொள்ளும். உள்ளே ஓடும் படம் சில விநாடிகள் தயங்கிவிட்டுத் தொடரும். 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டதால் சிறிய ரவுட்டரிலும் வேகமாக ஓடுகிறது. பேருந்தின் ரவுட்டரில் பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் (வழியைத் திறந்தே வைக்க அவ்வப்போது போகும் சிறு பொட்டலம்) 25 விநாடி என்று வைக்க மறக்காதீர்கள். அது இல்லையென்றால், சிறிது நேரம் தரவு ஓடாதபோது மொபைல் நிறுவனம் வழியை மூடிவிடும், அலுவலகத்திலிருந்து வண்டியை எட்ட முடியாது.

ஓபன்விபிஎன்னும் நன்றாகவே ஓடும். அதை, தொலைந்த பொட்டலத்தை மறுபடி அனுப்பாத யுடிபி முறையில் ஓட்டுங்கள். தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபி முறையில் ஓட்டினால், சிக்னல் தடுமாறும் இடங்களில் உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் மறு அனுப்புதல் நடந்து படம் உறைந்துபோகும். அலுவலகத்தில் ஏற்கெனவே ஐபிசெக் மட்டும் பேசும் ஃபயர்வால் (வலையமைப்பின் காவல் கருவி) இருந்தால் ஐபிசெக்.

சர்வர் எங்கே வைக்கணும்? ஆபீஸ் கம்ப்யூட்டரே போதுமா?

அலுவலகத்தில் நிலையான பொது முகவரியும் நம்பகமான மின்சாரமும் இருந்தால் போதும். இல்லையென்றால் மாத வாடகைக்கு மும்பையிலோ சென்னையிலோ ஒரு சிறிய மேகச் சர்வர் எடுப்பது நிம்மதி. ஐம்பது வண்டிகளின் டனலுக்கு 1 ஜிபி நினைவகம் தாராளம். அங்கே ஒவ்வொரு படமும் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை என்று இரண்டு தடவை பயணிக்கிறது என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். பேருந்துக்கும் பேருந்துக்கும் இடையே போக்குவரத்தைச் சர்வரின் ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள். அலுவலகம் எல்லா வண்டியையும் எட்டலாம், ஒரு வண்டி இன்னொன்றை எட்டத் தேவையில்லை.

டனல் இருக்கு, லாகின் பக்கம் வருது, வீடியோ மட்டும் கருப்பா நிக்குது. ஏன்?

சிறிய பொட்டலங்கள் நுழைகின்றன, பெரியவை வழியில் தொலைகின்றன என்பதற்கு இது அசல் அடையாளம். வயர்கார்டு வழக்கமாக எம்டியு என்ற பொட்டலத்தின் உச்ச அளவை 1420 பைட் என்று வைக்கும். சில மொபைல் இணைப்புகளில், குறிப்பாக ஐபிவி6 வழியாகச் சுற்றிப் போகும் இடங்களில், அந்த அளவு நுழையாது. இரண்டு பக்கமும் 1280 என்று மாற்றி, பொட்டலங்களை அந்த அளவுக்குள் நிறுத்தும் எம்எஸ்எஸ் கிளாம்பிங்கையும் ரவுட்டரில் இயக்கிப் பாருங்கள். அப்படியும் படம் சிதறினால், பார்க்கும் மென்பொருளில், நேரலைப் படத்தைக் கொண்டுவரும் ஆர்டிஎஸ்பியை டிசிபி வழியாக மாற்றுங்கள். ஓபன்விபிஎன்னில் டிசிபி வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது முரணல்ல. அது வெளிக் குழாய், இது உள்ளே ஓடும் படம்.

காலையில சில வண்டி மட்டும் விபிஎன்ல வராது, அரை மணி கழிச்சு தானா வந்துடும். பேய் மாதிரி இருக்கு.

பேய் அல்ல, கடிகாரம். உள்ளே கடிகார பேட்டரி இல்லாத ரவுட்டர்கள் பல உண்டு. மின்சாரம் முழுதாக நின்றால் அவை பழைய தேதியோடு விழிக்கும். வயர்கார்டு சர்வர், ஒவ்வொரு வண்டியும் கடைசியாக அனுப்பிய நேர முத்திரையை நினைவில் வைத்திருக்கும். அதைவிடப் பழைய முத்திரையோடு வரும் கைகுலுக்கலை (இணைப்பைத் தொடங்கும் கோரிக்கையை), யாரோ பழைய பொட்டலத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கருதி, சத்தமில்லாமல் நிராகரிக்கும். ரவுட்டர் சரியான நேரத்தைப் பெற்றதும் டனல் தானாக எழும்பும். எல்லாப் போக்குவரத்தையும் டனலுக்குள்ளேயே தள்ளியிருந்தால் நேரம் கேட்கும் பொட்டலமும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்: நேரம் வராமல் டனல் இல்லை, டனல் இல்லாமல் நேரம் இல்லை.

ஆகையால் 10.20, 10.99 முகவரிகளையும் அலுவலக முகவரியையும் மட்டும் டனலுக்குள் விடுங்கள். நேரச் சர்வர் வெளியே நேராகப் போகட்டும். எம்2எம் சிம் என்றால் அதன் முகவரி அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். ஜிபிஎஸ் உள்ள ரவுட்டராக இருந்தால் அதிலிருந்தே நேரம் எடுக்கும் வசதியை இயக்கிவிடுவது இன்னும் உறுதி.

மலையில ஏறினா படம் நின்னுடுது. ரெக்கார்டிங்கும் போயிடுமா?

போகாது. பதிவு வண்டியிலுள்ள வட்டில் நடக்கிறது. அதற்கு இணையம் தேவையில்லை. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ நேரலை விட்டு விட்டு வருவது இயல்பு. அதற்காக ரவுட்டரை மாற்றச் சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். அந்த வழியில் எந்த நிறுவனத்தின் டவர் இருக்கிறது என்று ஓட்டுநரின் கைப்பேசியில் பார்த்து, இரண்டாம் சிம்மை அதற்கேற்ப வாங்குங்கள்.

நெட் இல்லாட்டி தானா ரீபூட் ஆகற மாதிரி வெச்சிருக்கேன். சரிதானே?

எந்த முகவரியைப் பிங் செய்து (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்து) சோதிக்கிறது என்பதைப் பொறுத்தது. விபிஎன் சர்வரையே சோதனைக்கு வைத்திருந்தால், சர்வர் பழுதான நாளில் நல்ல நிலையிலுள்ள எல்லா வண்டிகளும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அணைந்து எழுந்துகொண்டே இருக்கும். பொதுவான இரண்டு முகவரிகளை வையுங்கள். இரண்டுமே பதில் தராதபோது முதலில் மொபைல் இணைப்பை மட்டும் புதுப்பிக்கட்டும், அரை மணி நேரம் கழித்தும் வராவிட்டால் மறுதொடக்கம் ஆகட்டும். எம்2எம் சிம்மில் பொது முகவரிகள் எட்டாது என்பதால் அங்கே அனுமதிப் பட்டியலில் உள்ளவற்றையே வைக்க வேண்டும்; அப்போது காத்திருக்கும் நேரத்தை நீட்டிவிடுங்கள்.

பேரன்ட்ஸ் எல்லாருக்கும் லைவ் கொடுக்கச் சொல்றாங்க. விபிஎன்ல சேர்த்துடலாமா?

கூடவே கூடாது. டனலுக்குள் வந்தவர் பதிவுப் பெட்டியின் வாசலுக்கே வந்துவிடுகிறார். வண்டி எங்கே வருகிறது என்பதை மட்டும் தனிச் செயலியில் காட்டுங்கள். ஒருவர் தன் பிள்ளையைப் பார்க்கக் கேட்டாலும் படத்தில் மற்றவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. நேரலை கொடுப்பதற்கு முன் பள்ளி நிர்வாகம் வழக்கறிஞரைக் கேட்பது நல்லது.

வண்டியை வித்துட்டோம். ரவுட்டரைக் கழட்டணுமா?

கழற்றினாலும் கழற்றாவிட்டாலும், பணம் கைமாறும் முன்பே சர்வரில் அந்த வண்டியின் திறவுகோலை நீக்கிவிடுங்கள். வண்டிக்கொரு திறவுகோல் என்று வைத்ததன் பலன் இங்கே தெரியும். மற்ற வண்டிகளில் எதையும் தொட வேண்டியதில்லை. பிறகு ரவுட்டரைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பி, சிம்மை எடுத்து, எம்2எம் இணைப்பை எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் மாதா மாதம் பில் வந்துகொண்டே இருக்கும். பதிவு வட்டைக் கழற்றி அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, வாங்குபவருக்கு வெறும் பெட்டியைக் கொடுங்கள். திருட்டுப் போன ரவுட்டருக்கும் இதே வரிசைதான், முதல் வேலையாகத் திறவுகோல்.